புர்ரகதை வாத்தியங்கள்: கும்மெட்ட, அந்தெலு, தம்புரா – கட்டுமானம், தோல், சுருதி, மேடைச் சிக்கல்கள்

#1 – கிருஷ்ணாகரை

ஆந்திரத்துப் புர்ரகதையைப் பற்றித் தமிழில் தேடினால் "மூவர் ஆடிப் பாடும் கதை, நடுவில் தம்புரா, இருபுறமும் மேளம்" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை. வாத்தியம் கட்டுவோருக்கும் வாசிப்போருக்கும் அது போதாது. விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதினால் நல்லது. என் கேள்விகள்:

அந்த மேளத்துக்கு, அதாவது கும்மெட்டவுக்கு, ஒரு பக்கம் மட்டும் தோலா, இரண்டு பக்கமுமா? இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்டுத்தோல் கட்டினது ஈரக்காற்று பட்டதும் தொளதொளவென்று ஆகிறதே, கட்டிய விதத்தில் கோளாறா, தோலிலேயே கோளாறா? மண் குடத்துக்குப் பதில் பித்தளை எடுத்தால் என்ன மாறும்? கதை சொல்பவர் கட்டைவிரலில் போடும் வளையத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது?

நோக்கம் 45 நிமிட நிகழ்ச்சி. குளிரூட்டிய அரங்கு, மூன்று மைக்.

#2 – மண்ணும்_தோலும்

முதல் கேள்விக்கு நேர் பதில்: தோல் ஒரு பக்கம்தான். கும்மெட்ட (டக்கி என்றும் புடிகெ என்றும் சொல்வார்கள்) இரண்டு பக்கமும் வாய் திறந்த மண் குடம். ஒரு வாய் அகலம், ஏறக்குறைய ஒரு சாண். அதில்தான் தோல். நடுவே வயிறு பருத்து, மறுமுனை கழுத்துபோல் குறுகி முடியும். அந்தச் சின்ன வாய் எப்போதும் திறந்தே இருக்கும். அதை அடைத்துத் தோல் கட்டிவிட்டால் வாத்தியத்தின் பாதி வேலை போய்விடும்.

ஏனென்றால் வலக்கை தோலில் அடிக்கும்போது இடது உள்ளங்கை அந்தச் சின்ன வாயில் வேலை செய்துகொண்டிருக்கும். தோல் அசைந்தால் குடத்துக்குள் இருக்கும் காற்று அந்த வாய் வழியாக உள்ளும் புறமும் போய்வரும். வாயைப் பாதி மூடினால் அந்தப் போக்குவரத்து மெதுவாகி, அடித்தொனி கீழே இறங்கும். கையை எடுத்தால் தொனி மேலே ஏறும். அடித்த கையோடு மூடித் திறந்தால் "கும்ம்…உவ்" என்று வளையும் ஓசை வரும். முழுக்க அழுத்தி மூடினால் செத்த அடி, வெறும் தட்டல் மட்டும். புர்ரகதையில் போர்க்களம், இடி, குதிரைக் குளம்பு, கேலிச் சிரிப்பு எல்லாவற்றையும் அந்த இடது கைதான் காட்டுகிறது. வலக்கை தாளத்தைக் காப்பாற்றினால் போதும்.

கோவாவின் குமட்டும் இதே இனம்தான். 2019இல் கோவா அரசு அதைத் தன் பாரம்பரிய வாத்தியமாக அறிவித்தது. கும்மெட்ட கட்ட ஆள் கிடைக்காவிட்டால் குமட் கட்டுகிறவர்களைக் கேட்கலாம். முறை பெரிதாக மாறாது.

குடம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை. விரல் மொட்டியால் வயிற்றில் தட்டினால் கணீரென்று வர வேண்டும். 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அல்லது சூளையில் சரியாக வேகவில்லை. அகன்ற வாயின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து உருண்டிருக்க வேண்டும், கயிறு பிடித்து நிற்பது அந்த மடிப்பின் அடியில்தான். வாயைச் சமமான கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்துப் பாருங்கள். ஆடினால் விளிம்பு சமமில்லை. கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டி, குடத்தைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் சரியாகும். விளிம்பின் உட்புறக் கூர்மையையும் லேசாக மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் தோல் அங்கேதான் முதலில் அறும்.

#3 – குடத்தாளம்

அப்படியானால் நம்ம வில்லுப்பாட்டுக் குடம் மாதிரிதானே? அதையே எடுத்துத் தோல் கட்டினால் ஆகாதா?

#4 – மண்ணும்_தோலும்

ஆகாது. வில்லுப்பாட்டுக் குடத்துக்கு ஒரே வாய், தோல் கிடையாது. வாயில் பட்டையால் மொத்தும்போது உள்ளிருக்கும் காற்று மட்டும்தான் பேசுகிறது. அடியில் ஓட்டை போட்டுத் தோல் கட்டினாலும் கழுத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள அளவு வேறு, விளிம்பில் கயிறு நிற்கவும் இடமில்லை. இன்னொன்று, வில்லுப்பாட்டு உட்கார்ந்து நடக்கிறது. கும்மெட்ட தோளில் வாரோடு தொங்கும், வாசிப்பவர் நின்றும் குனிந்தும் முன்னே பின்னே போயும் அடிப்பார். எடை முக்கியம். குயவரிடம் தனியாகச் சொல்லி வனையச் சொல்வதுதான் வழி.

#5 – தோல்பதம்

தொளதொளப்புப் பிரச்சினைக்கு வருகிறேன். பத்தில் எட்டுக்குக் காரணம் உப்பு. யாரும் இதைச் சொல்வதில்லை.

கசாப்புக் கடைத்தோல் அழுகாமலிருக்க உப்பிட்டுத்தான் மண்டிக்குப் போகிறது. அந்த உப்பை முழுதாகக் கழுவாமல் கட்டினால் தோல் காய்ந்தபின்பும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கோடையில் கணீரென்று இருக்கும், ஆவணி பிறந்ததும் தளர்ந்துவிடும். வாத்தியக்காரர் கயிற்றைக் குறை சொல்வார், குயவரைக் குறை சொல்வார். தோலை நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

முறை இதுதான். இளம் ஆட்டுத் தோல், கத்திவெட்டு படாதது. நாலு தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுங்கள். நீற்றின சுண்ணாம்புக் கரைசலில் இரண்டு மூன்று நாள் போட்டால் மயிர் கையோடு வந்துவிடும். கத்தியால் சுரண்டவே கூடாது, மழுங்கின மூங்கில் தப்பையால் தள்ளினால் போதும். உள்பக்கத்துச் சவ்வையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு, வழுவழுப்புப் போகும்வரை கழுவுங்கள். சுண்ணாம்பு மிச்சமிருந்தால் ஆறே மாதத்தில் தோல் பொடிந்துபோகும்.

தொழிற்சாலையில் குரோம் போட்டுப் பதனிட்ட தோல், அதாவது செருப்புக்கும் பைக்கும் போகிற தோல், இதற்கு உதவாது. மென்மையாக இருக்கட்டும் என்றுதான் அதைப் பதனிடுகிறார்கள். மேளத்துக்கு வேண்டியது காய்ந்தால் விறைக்கிற பச்சைத்தோல்.

கட்டும்போது ஒரு சாண் வாய்க்கு 33 முதல் 35 சென்டிமீட்டர் வட்டம் வெட்டுங்கள். முதுகெலும்புக் கோடு நடுவில் வரட்டும். முதுகுப் பக்கம் தடிமன், வயிற்றுப் பக்கம் மெல்லிசு. கோடு ஓரமாகப் போனால் ஒரு பக்கம் விறைத்து மறுபக்கம் தளரும், எங்கே அடித்தாலும் வேறு வேறு ஓசை வரும். மயிர் இருந்த பக்கம் மேலே.

கயிற்றையும் தோலோடு சேர்த்து நனைத்துவிட்டே கட்டுங்கள். நூல்கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். உலர்ந்த கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு மேலே ஈரத்தோல் பட்டால் கயிறு சுருங்குகிற வேகத்தில் குடத்தின் விளிம்பே பிளந்துவிடும். நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும்.

இழுப்பது எதிரெதிராக: கிழக்கு இழுத்தால் அடுத்தது மேற்கு, பிறகு வடக்கு, தெற்கு. ஈரத்தில் 'கணீர்' வரும்வரை இழுக்கிறவர்கள்தான் தோலைக் கிழிக்கிறார்கள். ஈரத்தில் அடித்தால் 'தொப்' என்றுதான் கேட்க வேண்டும். மீதி இழுவையைத் தோல் காய்வதே பார்த்துக்கொள்ளும். நிழலில் இரண்டு நாள். வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து வெடிக்கும்.

#6 – கிருஷ்ணாகரை

தோல்பதம் ஐயா, நன்றி. பழைய குழுக்களிடம் உடும்புத்தோல் கட்டின கும்மெட்ட இருப்பதாகவும் அதன் நாதமே தனி என்றும் சொல்கிறார்களே?

#7 – தோல்பதம்

நாதம் தனி என்பது உண்மைதான். உடும்புத்தோல் மெல்லிசு, உறுதி, கஞ்சிராவில் கேட்டிருப்பீர்கள். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. பிடிப்பது, கொல்வது, தோலை விற்பது, வாங்குவது எல்லாம் குற்றம். 'பழைய தோல்தான், சும்மா மாற்றிக் கட்டித் தருகிறேன்' என்று யாராவது சொன்னாலும் நெருங்காதீர்கள். கஞ்சிராக்காரர்களே ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறிவிட்டார்கள்.

அந்தக் கீச்சுத் தொனிக்கு ஓரளவு கிட்டே வர, ஆட்டுக்குட்டியின் வயிற்றோரத் தோலை எடுங்கள். ஆயுள் குறைவு. கையில் ஒன்று, பையில் ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

#8 – பித்தளைப்பேச்சு

பித்தளைக் கும்மெட்ட பற்றி நான் சொல்கிறேன். இப்போது பல குழுக்கள் பித்தளைதான் வைத்திருக்கின்றன. பேருந்தில் போனால் உடையாது, அது ஒன்றே போதுமான காரணம். திருகாணி வைத்த வளையம் போட்டால் மேடையிலேயே தோலை இறுக்கலாம்.

இழப்பது என்னவென்றால், மண் சுவர் மேல்சுரங்களை விழுங்கிவிடும், பித்தளைச் சுவர் விழுங்காது. கூடவே ஒரு உலோக நீட்சி வரும். கதகுடுவின், அதாவது கதை சொல்பவரின், கையில் ஏற்கெனவே உலோக வளையம் ஒலிக்கிறது. இரண்டு பித்தளைக் கும்மெட்டவும் சேர்ந்தால் மூன்று உலோக ஓசை, நடுவே வசனம் மூழ்கிவிடும். குடத்தின் உள்சுவரில் ஒரு விரற்கடை அகலத் துணிப்பட்டையைச் சுற்றி ஒட்டினால் பாதி அடங்கும். சின்ன வாய்ப்பக்கம் ஒட்டாதீர்கள், அங்கே காற்றின் வழி குறுகி அடித்தொனியே மாறும்.

எடையும் யோசியுங்கள். பட்டை வார் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை மரத்துப்போய், இடது கை சின்ன வாயை விட்டு விலகத் தொடங்கும். கேட்பவருக்கு 'மேளம் சப்பென்று ஆகிவிட்டதே' என்று தோன்றும். தோலில் ஒன்றுமிருக்காது.

#9 – மண்ணும்_தோலும்

பித்தளைப்பேச்சு சொல்வதில் ஒரு திருத்தம். திருகாணி வளையத்துக்கு ஆட்டுப் பச்சைத்தோல் அவ்வளவாக ஒத்துவராது, ஓரம் சீக்கிரம் அறும். அந்த அமைப்புக்குச் செயற்கைத் தோல் பொருந்தும். மழை, குளிர் எதற்கும் மாறாது. ஆனால் விரல் பட்டதும் பிளாஸ்டிக் ஓசை முன்னே வரும். தோலின் அடியில் ஓரத்தை ஒட்டி மெல்லிய பருத்தித் துணி வளையம் வைத்து அடக்கலாம். ஒன்று மண் குடம், பச்சைத்தோல், கயிறு. இல்லையென்றால் பித்தளை, செயற்கைத் தோல், திருகாணி. இரண்டையும் கலந்தால் இரண்டின் குறையும்தான் சேரும்.

குளிரூட்டிய அரங்குக்கு ஒரு எச்சரிக்கை. எல்லாரும் மழையையே பயப்படுகிறார்கள். அரங்கில் காற்று உலர்ந்திருக்கும், மேலே விளக்குச் சூடு வேறு. அங்கே தோல் தளராது, அளவுக்கு மீறி விறைக்கும். சுருதி ஏறி, ஓசை ஒல்லியாகிவிடும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே உறையைக் கழற்றி மேடையிலேயே வையுங்கள். இன்னும் ஏறினால், நனைத்துப் பிழிந்த துணியால் தோலின் ஓரத்தில் மட்டும் ஒரு சுற்று ஒற்றுங்கள். நடுவில் வேண்டாம்.

மழைநாளில் சூடு காட்டுவதற்கும் அளவு இருக்கிறது. வைக்கோல் நெருப்போ ஹேர் டிரையரோ, குடத்தைச் சுழற்றிக்கொண்டே, கை பொறுக்கும் சூட்டில். ஈரமான பச்சைத்தோல் 60 டிகிரி செல்சியஸ் தாண்டினால் சுருண்டு பசையாகிவிடும். பிறகு அது திரும்பாது, வேறு தோல்தான். எண்ணெய் தடவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தோல் மிருதுவாகும், ஆனால் நாதம் போய்விடும்.

#10 – சுருதிப்பெட்டி

வளையம், தம்புரா பக்கம் யாரும் போகவில்லை, நான் போகிறேன்.

கதகுடு வலக்கைக் கட்டைவிரலில் ஒரு உலோக வளையம் மாட்டிக்கொள்வார், அதே கையில் இன்னொரு வளையத்தைப் பிடித்திருப்பார். இவைதாம் அந்தெலு. உள்ளே கூடு, கூட்டுக்குள் சின்ன உலோகக் குண்டுகள். ஒன்றோடொன்று மோதினால் 'கிண்', கையை உதறினால் 'கலகல'. மோதல் தாளத்துக்கு, உதறல் இடைவெளியை நிரப்ப. இரண்டையும் பிரித்துப் பழக வேண்டும். புதியவர்களுக்கு ஓயாமல் கலகலத்துக்கொண்டே இருக்கும், வசனம் காதில் விழாது. வசனம் சொல்லும்போது வளையத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து அடக்குவதையே முதல் பாடமாக வைக்கலாம்.

பொருந்தாத வளையம் பெரிய தொல்லை. தளர்ந்திருந்தால் உட்பக்கம் துணி சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அரை மணியில் விரல் வீங்கும், பிறகு கழற்ற முடியாது. பற்றவைத்த மூட்டு விட்டுவிட்டால் குண்டு ஒவ்வொன்றாக மேடையில் உருளும். வெறுங்காலோடு சதங்கை கட்டி ஆடுகிறவருக்கு அது விளையாட்டல்ல.

தம்புரா வலத்தோளில் சாய்ந்திருக்கும். அதன் குடம் காய்ந்த சுரைக்காயாக இருப்பதன் அருமை ஆடிப்பார்த்தால்தான் தெரியும். பலாமரத் தஞ்சாவூர்த் தம்புராவைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நாலடி, பின்னே நாலடி என்று இரண்டு மணி நேரம் ஆட எந்த உடம்பும் ஒப்பாது. சுரைக்காய் கொடியிலேயே முற்றிக் காம்பு காய்ந்ததாக இருக்க வேண்டும். உள்ளே சதையும் விதையும் துளியும் மிச்சமிருக்கக் கூடாது, இருந்தால் வண்டு வரும், பூஞ்சை வரும். விரிசலுக்குத் தேன்மெழுகும் மெல்லிய துணியும் போதும். எபாக்ஸி ஊற்றினால் அந்த இடம் மட்டும் கல்லாகி, பக்கத்தில் புதிதாக வெடிக்கும்.

ஆட்டத்தில் பிரடை (கம்பியை முறுக்கும் ஆணி) நழுவுவது எல்லாருக்கும் உள்ள புகார். பிரடையைக் கழற்றிச் சுண்ணக்கட்டிப் பொடி பூசிச் சொருகுங்கள். கம்பியைப் பிரடைத் துளையிலிருந்து கைப்பிடிப் பக்கம் வரிசையாகச் சுற்றிக்கொண்டு வந்தால், கம்பி இழுக்கும் இழுப்பே பிரடையை உள்ளே தள்ளும். கம்பியைத் தாங்கும் குதிரையின் மேல் ஜீவாவுக்கு, அதாவது ரீங்காரத்துக்கு, வைக்கிற நூல் ஆட்டத்தில் நகர்ந்துவிடும். நூலின் இரு நுனியிலும் கடுகளவு மெழுகு வைத்து அமுக்கிவிடுங்கள்.

சுருதி விஷயத்தில் என் கருத்து: கதகுடுவுக்கு உச்சத்தில் எட்டுவதைவிட ஒரு கட்டை கீழேயே வையுங்கள். பாடுவது மட்டுமல்ல, ஆட்டமும் இருக்கிறது. தொடக்கத்தில் ஐந்து கட்டை சுகமாக இருக்கும். முப்பதாவது நிமிடத்தில் வீரரசம் வரும்போது குரல் உடையும்.

#11 – பின்பாட்டு

வாத்தியத்தை மட்டும் சரிசெய்தால் போதாது, அது பாட்டின் அமைப்போடு கோத்தது. நடுவில் கதகுடு. ஒரு பக்கத்துப் பின்பாட்டுக்காரர் ராஜகீயம் பேசுகிறவர், நடப்பு அரசியலைக் கதைக்குள் இழுத்துவிடுவார். மறுபக்கத்தவர் ஹாஸ்யம். இருவரும் 'தந்தான தான' என்று ஏந்துவதும், வரியின் கடைசிச் சொற்களைத் திருப்புவதும் அழகுக்காக மட்டுமல்ல. கதகுடுவுக்கு மூச்சு வாங்க அதைத் தவிர வேறு இடம் இல்லை.

ஆகையால் கதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது வரியின் முடிவு. தெலுங்கில் இதற்கு வாகான யாப்பு ரகடை: இரண்டிரண்டு அடியாக எதுகையும் இயைபும் வைத்து ஓடும். மதுரகதி ரகடையில் நான்கு மாத்திரைக் கணம் நான்கு, அடிக்குப் பதினாறு. நடைபோட்டுப் போகும், விவரணைக்கு நல்லது. விருஷபகதியில் மூன்றும் நான்குமாக ஏழு மாத்திரை, நான்கு முறை, அடிக்கு இருபத்தெட்டு. மிஸ்ர நடைக்குப் பழகினவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இந்த நடைமாற்றத்தைக் கும்மெட்டக்காரர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கதகுடு வளையத்தால் புது நடையில் ஒரு ஆவர்த்தம் (தாளச் சுற்று) காட்டிவிட்டுத்தான் வரியைத் தொடங்க வேண்டும். காட்டாமல் தொடங்கினால் மூவரும் மூன்று இடத்தில் நிற்பார்கள்.

45 நிமிடத்துக்குச் சுருக்கும்போது எல்லாரும் ஹாஸ்யத்தை வெட்டுகிறார்கள். வெட்டக் கூடாது. கதகுடு உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற நேரம் அது. விவரணையைக் குறையுங்கள், கிளைக்கதையை எடுத்துவிடுங்கள்.

எந்தக் கதை என்று சொல்லவில்லையே? 1757 பொப்பிலிப் போர், பல்நாட்டுப் போர், அல்லூரி சீதாராமராஜு இவை மூன்றும் கைக்கு அடங்கினவை. பொப்பிலியில் கடைசி அரைமணி நேரம் சோகம், கும்மெட்ட மெல்ல அடிக்கத் தெரியாதவர்கள் அதைத் தொட வேண்டாம். சுருக்க எளிது அல்லூரி. வெள்ளையரை எதிர்த்து அவர் மன்யம் மலைக்காட்டில் நடத்திய காவல்நிலையத் தாக்குதல்கள் தனித்தனிக் கண்ணிகளாக நிற்கும், ஒன்றிரண்டை எடுத்தாலும் கதை குலையாது.

#12 – குடத்தாளம்

சின்னக் கேள்வி. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள்தான் இதை உருவாக்கினார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறதே?

#13 – பின்பாட்டு

உருவாக்கவில்லை, உருமாற்றினார்கள். அதற்கு முன்னே ஜங்கம் கதை, தந்தான கதை, சாரதா கதை என்றெல்லாம் ஊர் ஊராக நடந்ததுதான். சிவனடியார்களான ஜங்கமர் தம்புராவோடு கதை சொல்ல, வீட்டுப் பெண்கள் இருவர் டக்கி அடித்துப் பின்பாட்டுப் பாடுவார்கள். 1940களில் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த கலைக்குழுவான பிரஜா நாட்டிய மண்டலி அந்த மூவர் அமைப்பை எடுத்து, வங்கப் பஞ்சம், ஜமீன் கொடுமை, தெலங்கானாப் போராட்டம் என்று புதுக் கதை ஏற்றியது. ராஜகீயம் பேசுகிறவருக்கு அப்போதுதான் முழு வேலை வந்தது. கூட்டம் சேர்ந்த வேகத்தைப் பார்த்துச் சென்னை மாகாண அரசும் நிஜாம் அரசும் தடை போட்டன. மோட்டூரி உதயம் பெண்கள் குழு அமைத்ததும் அந்த இயக்கத்தில்தான்.

குண்டூர் மாவட்டம் பொன்னெக்கல்லுவில் பிறந்த ஷேக் நாசர் (1920–1997) பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பஞ்சு கொட்டும் பிஞ்சாரிக் குடும்பம். ராக சங்கீதப் பயிற்சியை நாட்டார் மெட்டுக்குள் கொண்டுவந்தவர், 1986இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் ஒலிப்பதிவுகள் கிடைத்தால் குரலை விட்டுவிட்டு, வசனத்துக்கும் பாட்டுக்கும் இடையே வளையம் எப்போது நிற்கிறது என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசே குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் சிறுசேமிப்புக்கும் புர்ரகதைக் குழுக்களை அனுப்பியது தனி வேடிக்கை.

#14 – தக்காணத்தான்

தெலங்கானாப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், புர்ரகதை ஒன்றே தெலுங்குக் கதைமரபு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆடு மேய்க்கும் குருமர்கள் மல்லன்ன, பீரப்ப என்ற தங்கள் தெய்வங்களின் கதைகளைச் சொல்லும் ஒக்கு கதையில் தம்புராவும் இல்லை, கும்மெட்டவும் இல்லை. ஒக்கு என்பது உடுக்கை இனத்துச் சிறு கருவி, கூடவே பெரிய டோலு, தாளம். சுக்க சத்தையா (1935–2017) அதில் தலைசிறந்தவர். கொமுரவெல்லி மல்லன்ன கோயில் ஜாத்திரையில் டோலுக் கூட்டத்தைப் பார்க்கலாம்.

கருவி கட்டுகிறவர்களுக்கு அதைவிடச் சுவையானது பைண்ட்லவர்கள் என்ற சமூகத்தார் எல்லம்ம தெய்வத்தின் கதைக்கு வாசிக்கும் ஜமிடிகை. ஒரு பக்கம் திறந்த உருளை, மறுபக்கம் தோல். தோலின் நடுவே துளையிட்டு ஒரு நரம்பு. உருளையைக் கக்கத்தில் இடுக்கி, நரம்பின் மறுமுனையில் கட்டிய குச்சியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, மற்றக் கையால் மீட்டுவார்கள். இழுவை கூடினால் சுரம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். பேச்சின் ஏற்ற இறக்கத்தையே அதில் கொண்டுவரலாம்.

நரம்பு தோலுக்குச் செங்குத்தாக நிற்பதால் ஒரு விந்தை. நரம்பு ஒரு முழு அசைவு அசையும்போது, அந்தப் பக்கம் போனாலும் இந்தப் பக்கம் போனாலும் தோலை இழுக்கிறது. ஒரு அசைவுக்கு இரண்டு இழுப்பு. ஆகவே தோல் நரம்பைவிட ஒரு ஸ்தாயி மேலே பேசும். தடித்த நரம்பு போட்டும் சுரம் உயரமாகக் கேட்பது அதனால்தான்.

அடிக்கடி நேரும் கோளாறு, முடிச்சு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது. அடிப்பக்கம் தடித்த தோல்துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி, அதற்கடியில் துளையிட்ட காசு வைத்து முடிச்சுப் போடுங்கள். காசு நேரே தோலில் பட்டால் சலசலக்கும். தோலில் துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்க வேண்டும், கத்தரித்தால் அங்கிருந்து விரிசல் ஓடும்.

#15 – கிருஷ்ணாகரை

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. மண் குடம், குட்டி ஆட்டுத்தோல், நூல்கயிறு என்று போகிறோம், கதை அல்லூரி. மைக் விஷயம் மட்டும் பாக்கி. இரண்டு கும்மெட்டவையும் ஒரே சுருதியில் கட்டட்டுமா?

#16 – ஒலிமேசை

ஒரே சுருதி வேண்டாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஸ்பீக்கரில் எது யார் அடித்தது என்று பிரியாது, இரண்டும் நூலிழை விலகினால் ஊம் ஊம் என்று அலையடிக்கும். தெளிவாகக் கேட்கிற அளவுக்கு வித்தியாசம் இருக்கட்டும், ஹாஸ்யக்காரர் கையில் உயர்ந்தது.

மைக்கைச் சின்ன வாய்க்கு நேரே வைக்காதீர்கள். கையைத் திறக்கும்போதெல்லாம் காற்று வந்து மோதி 'புப்' என்று வெடிக்கும். தோல் பக்கம் ஒன்றரை சாண் தள்ளி, சற்றே சாய்வாக ஒரு டைனமிக் மைக். பின்பாட்டுக்காரர் குரலையும் அதே மைக்கில் எடுக்க முடிந்தால் எடுங்கள், அவர்கள் நகர்ந்து வாசிப்பவர்கள்.

கதகுடுவுக்குச் சட்டைமைக் வைத்தால் அந்தெலு கைக்கு வெகு கிட்டே வந்துவிடும், வளையம் குரலை மூடும். காதில் மாட்டி வாயோரம் நிற்கிற மைக் சரி. வளையம் இருப்பது வலக்கையில், ஆகவே மைக்கின் தண்டு இடது கன்னத்தில் வரட்டும். இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தைக் குறைத்து வளையத்தை அடக்கப் பார்ப்பார்கள், சம்மதிக்காதீர்கள். சொல்லின் தெளிவு இருப்பதும் அங்கேதான். வேண்டுமானால் ஆறாயிரத்துக்கு மேலே கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள்.

தம்புராவுக்குத் தனி மைக் வேண்டாம். சுரைக்காயின் முதுகில் ஒட்டுகிற சின்ன பிக்கப் (அதிர்வை வாங்கும் வில்லை) போதும், வயரைக் கழுத்துவாரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஆட்டத்தில் சிக்காது. ஒலிச்சோதனையை மூவரும் ஆடிக்கொண்டே செய்ய வேண்டும், உட்கார்ந்து பார்த்த அளவுகள் எதுவும் நிற்காது.